பயத்தை மறைக்காத ஜைத்தூன் டீச்சர்

அந்த ஆங்கிலப் பள்ளி வேன் எங்கள் பள்ளி வாசலில் ஒருநாளும் நின்றதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் காத்திருக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, எங்களைத் தாண்டி மரக்காணம் பக்கம் போய்விடும். போன மாதம் ஒரு காலையில் நின்றது. பிரார்த்தனைக்குப் பிள்ளைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த எனக்கு விபத்து என்றுதான் முதலில் தோன்றியது. அந்தச் சாலையில் வண்டி நின்றால் எங்களுக்கு வேறெதுவும் தோன்றாது. ஓட்டுநர் இறங்கி வந்தார். உள்ளே டை கட்டிய பிள்ளைகள் எல்லாரும் ஜன்னல் வழியே என்னையே பார்த்தார்கள். அவர்களில் பலர் முன்பு எங்களிடம் படித்தவர்கள்.

“சார், உங்க பெரிய டீச்சர் தவறிட்டாங்க. கூனிமேட்டுல அவங்க வீட்டாண்ட ஒரே கூட்டம். பாத்துட்டுத்தான் வர்றேன்.”

முந்தின நாள் மாலை “நாளைக்கு வர்றேன் சார்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியவர் அவர். அதிகாலைத் தொழுகைக்கு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவர் கணவர் சலாம் பாய் தண்ணீர் எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஜைத்தூன் டீச்சரை இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்கள் பலருக்கும் தெரியும். அலுவலகக் கூட்டங்களில் கதவை ஒட்டிய நாற்காலியில் கைப்பையை மடியில் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். அதிகாரி அவர் பெயரைச் சொன்னாலே எழுந்து நின்றுவிடுவார். திட்டுவதற்கா பாராட்டுவதற்கா என்று தெரிந்துகொள்ளும் வரை அவர் முகத்தில் ரத்தம் இருக்காது. நாய் என்றால் பயம், இடி என்றால் பயம், வேகமாகப் போகும் பஸ் என்றால் பயம். நம்மில் சிலர் ‘பயந்தாங்கொள்ளி டீச்சர்’ என்று அவரைச் சொல்லிச் சிரித்ததுண்டு. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. “சரியாத்தான் சொல்றாங்க சார். எனக்கு எது இல்லன்னாலும் பயம் இருக்குது” என்பார்.

எங்கள் குப்பம் எக்கியார்குப்பத்துக்கும் கூனிமேட்டுக்கும் இடைப்பட்டது. கடல், அதை ஒட்டி வீடுகள், வீடுகளுக்கு முன்னால் கடலைப் பார்த்தபடி பள்ளிக்கூடம். ஊருக்குப் பின்னால் உப்பளம். உப்பளத்தின் நடுவே ஓர் ஒற்றை வரப்பு. அதில் நடந்தால்தான் சாலை. வண்டிப் பாதை வடக்கே வெகு தூரம் சுற்றிக்கொண்டு வரும். நாங்கள் இரண்டே ஆசிரியர்கள். அவர் தலைமையாசிரியை, நான் உதவியாசிரியன். சுனாமி வந்தது ஞாயிற்றுக்கிழமை, அதுவும் அரையாண்டு விடுமுறையில். பள்ளிக்குள் புகுந்த தண்ணீர் கரும்பலகையின் மேல்விளிம்பு வரை ஏறி, அங்கே சேற்றால் ஒரு கோடு போட்டுவிட்டு இறங்கியிருந்தது. ஜனவரியில் பள்ளியைக் கழுவித் திறந்தபோது, டீச்சர் அந்தக் கோட்டின் கீழே ஐந்தாம் வகுப்பில் உயரமான பெண்ணை நிற்கச் சொன்னார். கோடு அவள் தலைக்கு மேலே இருந்தது. டீச்சர் வெளியே போய் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து அவர் பாடம் நடத்தியதெல்லாம் ஒரு கண்ணைக் கடல்மேல் வைத்துக்கொண்டுதான். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே இருப்பார். அலைச்சத்தம் கொஞ்சம் மாறினாலும் நடுவில் நிறுத்திவிடுவார். பிள்ளைகளும் நிறுத்திவிடுவார்கள். பிறகு யாராவது ஒரு பிள்ளை மெல்லத் தொடங்கும்.

அந்த வருடக் கோடைக்கு முன்பு ஒருநாள் நான் அலுவலகக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். காலை பதினொரு மணி வாக்கில் யாரோ “கடல் வருது” என்று கத்தியிருக்கிறார்கள். யார் கத்தியது என்று இன்றுவரை தெரியாது. குப்பம் முழுவதும் வரப்பின்மேல் ஓடியது. ஆண்கள் உப்புப் பாத்திகளுக்குள் இறங்கி முழங்கால் சேற்றில் ஓடினார்கள். கடல் வரவில்லை. மாலையில் நான் திரும்பி வந்தபோது எல்லாரும் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் ஒருவர் குறையாமல் பத்திரமாக இருந்தார்கள். “பெரிய டீச்சருதான் சார் புள்ளைங்கள காப்பாத்துனாங்க. புள்ளைங்கள கையில புடிச்சிக்கினு முன்னால ஓடி வந்தாங்க” என்றார்கள். டீச்சர் ஒரு மைல்கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சத்துணவு சமைக்கும் குப்பம்மா அவருக்கு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் கூப்பன் வந்தது. வெளியூரிலிருந்து நிவாரணத்துக்கு வந்த ஓர் அறக்கட்டளை, சாலைக்கு மேற்கே உள்ள ஓர் ஆங்கில வழிப் பள்ளியில் எங்கள் பிள்ளைகளைச் சேர்க்க முன்வந்தது. வீட்டுக்கு ஒரு கூப்பன் என்றில்லை, பிள்ளைக்கு ஒரு கூப்பன். கட்டணம், சீருடை, வேன் எல்லாம் அதில் அடங்கும். எங்கள் அலுவலகத்திலும் ஒரு பேச்சு அடிபட்டது. பிள்ளைகள் குறைந்தால் எங்கள் பள்ளியை மூடி, உள்ளே தள்ளியிருக்கும் வேறொரு கிராமத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று. மே மாதத்தில் ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. கோயில் முன்னால் பந்தல். எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

ஏழுமலை முதலில் எழுந்தார். சொந்தமாகப் படகு வைத்திருந்தவர். சுனாமியில் படகும் போனது, மகளும் போனாள். ஒரே மகன் எங்களிடம் மூன்றாம் வகுப்பு.

“எனக்கு இங்கிலீசும் வேணாம், டையும் வேணாம். எம்புள்ள கடலு கண்ணுக்குத் தெரியாத எடத்துல ஒக்காந்து படிக்கணும். அவ்ளோதான். காலையில அவன அங்க வுட்டுட்டு வந்து, மணி அடிக்கற வரைக்கும் நான் வூட்ல ஒக்கார மாட்டேங்கறேன். பள்ளிக்கூடத்த சுத்திக்கினே கெடக்கறேன். எத்தினி நாளு இப்டி கெடக்கறது?”

ஊர்த் தலைவர் வயதானவர், நிதானமானவர். அவர் பயம் வேறு மாதிரி.

“ஏம்பா, கூப்பனு எத்தினி வருசத்துக்குக் குடுப்பான்? வந்தவன் போயிட்டா? அதுக்குள்ள இந்தப் பள்ளிக்கூடத்த மூடிட்டானா அப்புறம் யாரப் போயி கேப்ப? ஒரு தடவ மூடுனா திரும்பத் தொறக்க மாட்டான்.”

அறக்கட்டளையிலிருந்து வந்திருந்தவர் நல்ல மனிதர்தான். பொய் சொல்ல அவருக்கு மனமில்லை. “வருஷா வருஷம் பாத்துத்தான் சொல்ல முடியும்” என்றார். பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. எந்தப் பக்கம் போனாலும் பயம் காத்திருந்தது. பள்ளியில் விட்டால் கடல். கூப்பனை நம்பினால் நடுவழி. ஒருவரை ஒருவர் ஏசத் தொடங்கினார்கள். அப்போது தலைவர் பக்கத்திலிருந்து ஒருவர் உரக்கச் சொன்னார்:

“கடலு வந்தா இன்னாபா? பெரிய டீச்சரு இருக்காங்க இல்ல? அன்னிக்குக் காப்பாத்துனாங்க இல்ல? பெத்தவங்கூட அப்டி செய்ய மாட்டான். அவங்க இருக்கற வரைக்கும் எம்புள்ளைக்கி ஒண்ணும் ஆவாது.”

நிறையப் பேர் தலையாட்டினார்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. பள்ளி பிழைத்தது என்று நினைத்தேன். பக்கத்தில் பார்த்தேன். டீச்சர் கைப்பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்தார்.

“நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் புள்ளைங்கள காப்பாத்தல. நான் ஓடிட்டேன்.”

யாருக்கும் புரியவில்லை.

“என்கூட வந்தது ரெண்டு புள்ளைங்க. அதுங்களையும் நான் புடிக்கல, அதுங்கதான் என் புடவையப் புடிச்சிக்கினு வந்துதுங்க. மத்த புள்ளைங்க எல்லாம் உள்ள இருந்துதுங்க. நான் திரும்பிக்கூட பாக்கல. ரோட்டுக்கு வந்தப்புறந்தான் எனக்குப் பள்ளிக்கூட நெனப்பே வந்துச்சு. குப்பம்மாதான் மீதி எல்லாரையும் இட்டாந்தா. அவ யார்கிட்டயும் சொல்லல. நீங்களா ஒண்ண நெனச்சிக்கினீங்க. நானும் சும்மா இருந்துட்டேன்.”

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து குப்பம்மா, “டீச்சரு, இன்னாத்துக்கு இத்த இப்ப சொல்றீங்க?” என்று கிட்டத்தட்ட அழுதாள்.

“என்னைய நம்பி அங்க வுடுறேங்கறாங்களே, அதுக்குத்தான்.”

ஏழுமலை மெதுவாகக் கேட்டார். “எம்புள்ள உள்ள இருந்தானா?”

“இருந்தான் தம்பி.”

அவர் டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றார். அடித்துவிடுவாரோ என்று நான் எழுந்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலை விட்டுப் போனார். டீச்சர் உட்காரவில்லை.

“நாளைக்கே கடலு வந்தா நான் நிப்பேனா ஓடுவேனா, எனக்கே தெரியாது. அல்லா மேல ஆணையா தெரியாது. என் தைரியத்த நம்பி பள்ளிக்கூடம் நடத்தாதீங்க. ஓடத் தேவையில்லாத எடத்துல நடத்துங்க.”

பஸ் நிறுத்தத்துக்கு வரும் வரை நான் அவருக்கு முன்னால் வேகமாக நடந்தேன். எனக்கு அவ்வளவு கோபம். நிறுத்தத்தில் அவர் புளியமரத்தடியில் வந்து நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “பள்ளிக்கூடம் போயிடும், இல்ல சார்?” என்றார்.

“போயிடும் டீச்சர்.”

“போகட்டும். புள்ளைங்க இருக்குமில்ல” என்றார். பஸ் வந்தபோது அவரால் படியேற முடியவில்லை. நான்தான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். அவர் உள்ளங்கை ஈரத்துணி மாதிரி இருந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது வகுப்புகள் காலியாகக் கிடந்தன. ஏழுமலையின் மகன் உட்பட முக்கால்வாசிப் பிள்ளைகள் வேனில் போனார்கள். மிஞ்சியவர்கள் யார் என்று பார்த்தோம். தலைவர் சொல் கேட்டு நிறுத்தப்பட்ட சில பிள்ளைகள். மற்றவர்கள், அந்த ஆங்கிலப் பள்ளி எடுத்துக்கொள்ள மறுத்தவர்கள். கூப்பன் கையில் இருந்தாலும் சேர்வதற்கு ஒரு தேர்வு இருந்தது. காது சரியாகக் கேட்காத ஒரு சிறுவன், எழுத்துக் கூட்டத் தெரியாத அண்ணன் தம்பி இருவர், பிறகு கஸ்தூரியின் மகள் தேவி. உப்பளத்தில் வேலை செய்யும் கஸ்தூரிக்கு சுனாமிக்குப் பிறகு புருஷன் இல்லை. கதவு சட்டென்று சாத்திக்கொண்டால்கூட தேவி உட்கார்ந்த இடத்திலேயே பாவாடையை நனைத்துக்கொள்வாள். தேர்வின்போது யாரோ நாற்காலியை நகர்த்தியிருக்கிறார்கள்.

“கொஞ்ச நாளு போவட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டாங்க டீச்சர்” என்று கஸ்தூரி வாசலில் நின்று சொன்னாள். “இதையும் மூடிட்டா எம்பொண்ண நான் எங்க இட்டுக்கினு போவேன்? உப்பு வார்ற எடத்துல ஒக்கார வெக்கறதா?”

டீச்சர் தேவியை உள்ளே அழைத்துப்போய்த் தன் நாற்காலியின் பக்கத்தில் உட்காரவைத்தார். அன்று முழுக்க எந்தக் கதவும் காற்றில் அடித்துக்கொள்ளாதபடி ஒவ்வொன்றுக்கும் கல் வைத்துக்கொண்டே இருந்தார்.

சாலைக்கு மேற்கே, மேட்டில், நிவாரணப் பணத்தில் கட்டிய ஒரு வலைக்கூடம் இருந்தது. வலை பின்னுவதற்கென்று கட்டியது. கடலிலிருந்து அவ்வளவு தூரம் யார் வலையைச் சுமந்துகொண்டு போவார்கள்? ஆடுகள்தான் அதில் படுத்துக் கிடந்தன. டீச்சர் தலைவர் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். தலைவர் அவரை உட்காரச் சொல்லவில்லை.

“ஊரே ஒங்களாலதான் ரெண்டா நிக்குது” என்றார்.

“ஆமாங்க” என்றார் டீச்சர். “அந்தக் கூடத்தக் குடுங்க. மீதி இருக்கற புள்ளைங்களோட அங்க போறேன்.”

“ஆபீசுல ஆர்டர் வாங்கிட்டீங்களா?”

“இல்லீங்க. கேட்டா வருசம் ஆவும். அதுக்குள்ள கடல் வந்துச்சுன்னா?”

தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பிறகு உள்ளே திரும்பி, “கூடத்துச் சாவிய எடுத்தாம்மா” என்றார்.

பெஞ்சுகளையும் கரும்பலகையையும் ஊர் ஆண்களே வரப்பின்மேல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடுத்த மாதமே அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. அனுமதியின்றிப் பள்ளியை இடம் மாற்றியதற்கு விளக்கம் கேட்டு. ஓய்வு பெறச் சொற்ப காலமே இருந்தவர் அவர். பென்ஷனை நிறுத்திவிடுவார்களோ என்று அவர் அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. ‘நிர்வாக வசதி கருதி’ என்று தொடங்கி நான் ஒரு பதில் எழுதித் தந்தேன். படித்துவிட்டு அந்த வார்த்தைகளை அடித்தார். ‘பயத்தினால் மாற்றினேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “இதைப் பாத்தா சிரிப்பாங்க டீச்சர்” என்றேன். “சிரிக்கட்டும் சார். பொய் எழுதினா அதுக்கு வேற தனியா பயப்படணும்” என்றார்.

அலுவலகத்தில் சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். விசாரணையை மட்டும் முடிக்கவில்லை.

ஏழுமலை பல மாதங்கள் டீச்சரோடு பேசவில்லை. வேனில் போகும் பிள்ளைகளும் சரி, எங்கள் பிள்ளைகளும் சரி, காலையில் அதே ஒற்றை வரப்பில்தான் சாலைக்கு வரவேண்டும். ஐப்பசி மழையில் வரப்பு கரைந்தது. ஒருநாள் ஏழுமலையின் மகன் புது ஷூவோடு சறுக்கிப் பாத்திக்குள் விழுந்தான். அவனுக்குப் பின்னால் வந்த தேவி விழுந்தவனைப் பார்த்து அலறி அவளும் விழுந்தாள். பிள்ளைகள் சாலையைக் கடக்க லாரிகளுக்குக் கை காட்டி நிறுத்திக்கொண்டிருந்த டீச்சர், செருப்பைக் கழற்றாமலே சேற்றில் இறங்கினார். இருவரையும் தூக்கி நிறுத்திய பிறகு அவரால் மேலே ஏற முடியவில்லை. அவரைக் கைகொடுத்து ஏற்றியது ஏழுமலை. மழை விட்டதும் எங்கிருந்தோ டிராக்டரில் செம்மண் கொண்டுவந்து கொட்டினார். வேன் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள் என்று இரண்டு பக்கத்து அப்பன்மார்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். உப்பள முதலாளி இரண்டு ஓரப் பாத்திகளை விட்டுக்கொடுத்தார். ஐந்தாறு பிள்ளைகள் கைகோத்து ஓடும் அகலத்துக்கு ஒரு பாதை ஆயிற்று. மண் கெட்டிப்பட்ட அன்று ஏழுமலை டீச்சரிடம் வந்தார்.

“நீங்க அன்னிக்கு சொல்லாம இருந்திருந்தா, ஒங்கள சாமின்னு கும்பிட்டுக்கினு இருந்திருப்பேன்.”

“சாமி இருக்குன்னு பாதய போடாம வுட்டிருப்பீங்க” என்றார் டீச்சர். அவர் சிரித்ததை அந்த வருடத்தில் முதல்முறையாக அன்றுதான் பார்த்தேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். முடியவில்லை. வரும் ஜூனுக்குக் கூப்பன் உண்டா இல்லையா என்று வேன் பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னும் பதில் வரவில்லை. எங்கள் பள்ளியை வைத்துக்கொள்வதா, இணைத்துவிடுவதா என்று பார்க்க அதிகாரிகள் வரப்போகிறார்கள். டீச்சர் இருந்திருந்தால் அந்தச் செய்தி கேட்டதிலிருந்து தூங்கியிருக்கமாட்டார். இப்போது நான் தூங்குவதில்லை.

டீச்சர் தவறிய அன்று மதியம் குப்பத்து ஜனங்களும் நானும் ஒரு டெம்போவில் கூனிமேட்டுக்குப் போனோம். கூப்பன் வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் ஒரே வண்டியில் நின்றுகொண்டு வந்தார்கள். பெண்கள் வீட்டுக்குள் போனார்கள். நாங்கள் ஜனாஸாவின் பின்னால் அடக்கத்துக்குக் கபர்ஸ்தான் வரை நடந்தோம். ஏழுமலை முன்னால் போய், “நானும் கொஞ்ச தூரம் தூக்கலாமா பாய்?” என்று சலாம் பாயிடம் கேட்டார். பாய் சந்தூக்குப் பெட்டியின் ஒரு முனையை அவர் தோளுக்கு மாற்றிவிட்டார்.

டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். சுனாமிக்குப் பிறகு பெரியவர்கள் எல்லாரும் பிள்ளைகளிடம் ஒரு பொய் சொல்லிக்கொண்டிருந்தோம். “மறுபடி கடல் வருமா?” என்று கேட்டால், “இனிமே வராதுடா” என்போம். தலை தடவி அனுப்பிவிடுவோம். பிள்ளைகள் நம்பவும் மாட்டார்கள், மறுபடி கேட்கவும் மாட்டார்கள். ஜைத்தூன் டீச்சர் மட்டும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நேற்று மதியம் காற்று பலமாக அடித்தது. சாலையைத் தாண்டியும் அலைச்சத்தம் கேட்டது. வாய்ப்பாடு நின்றுவிட்டது. தேவி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“சார், கடலு வருமா?”

“வராதும்மா” என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனாலும் டீச்சர் சொல்வதையே சொன்னேன்.

“தெரியலம்மா. எனக்கும் பயமாத்தான் இருக்குது. வந்தா எந்தப் பக்கம் போறதுன்னு நமக்குத் தெரியுமில்ல?”

தேவி மேற்கே கை காட்டினாள். பிறகு திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.